தாய்வழி வந்த பட்டங்கள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. படுவான்கரையின் தென்பாகத்திலே மண்டூர் என்னும் பழம்பதி இருக்கிறது. நெடுங்காலமாக எழுவான்கரை மக்கள் குருமண்வெளித் துறையிலே பாதையேறித்தான் மண்டூருக்குச் சென்று வந்தனர். பாதை என்பது இங்கே தரைவழியன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீர்மேல் நகரும் அகன்ற ஓடத்துக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அது.

ஒருமுறை ஆவணித் திருவிழாவுக்காக அந்தப் பாதையிலே சென்றபோது, அருகிலிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். ஊர் கேட்டார், சொன்னேன். அடுத்த கேள்வி தந்தையார் பெயராக இருக்கும் என்று எண்ணினேன். அவரோ, “நீங்க என்ன குடி, மனே?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. “அப்ப உங்கட அம்மாவைத்தான் கேக்கணும்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலே ஒரு நாட்டின் வரலாறு அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மட்டக்களப்பிலே ஒருவர் எக்குடியினர் என்பதைத் தந்தை தீர்மானிப்பதில்லை, தாய் தீர்மானிக்கிறாள். தாயின் குடி எதுவோ அதுவே மக்களின் குடி. ஒரே குடிக்குள் மணம் செய்வது வழக்கமில்லை. ஆதலால் ஒரு வீட்டிலே தந்தை ஒரு குடியினராகவும், தாயும் மக்களும் வேறொரு குடியினராகவும் வாழ்வர்.

குடி என்பது வெறும் பெயரன்று; அதனோடு உரிமைகள் ஒட்டியிருக்கின்றன. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்று மக்கள் போற்றுவர். பூசை செய்பவர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு வழிபாடு நிகழ்த்துவது அக்கோயிலின் மரபு. இத்தகைய பெருங்கோயில்களைத் தேசத்துக் கோயில்கள் என்பர். ஒரு தெருவுக்கோ ஓர் ஊருக்கோ மட்டும் உரியவையாக இராமல், பல ஊர் மக்கள் கூடித் தொழும் கோயில்கள் என்பது அதன் கருத்து. அங்கே திருவிழாவை நடத்துவதும், வரவு செலவைக் கண்காணிப்பதும், இன்னார்க்கு இன்ன வரிசை என்று மரபைக் காப்பதும் வண்ணக்கரின் கடமை. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு ‘வண்ணக்கன்’ என்னும் சொல் சேர்ந்து வருவதை நேயர்கள் அறிவீர்கள். பொன்னின் மாற்றையும் நாணயத்தின் தரத்தையும் நோக்குபவன் என்று அதற்குப் பொருள் கூறுவர். அந்தப் பழஞ்சொல் மட்டக்களப்பிலே கோயிலின் பொருளைக் காப்பவரின் பட்டமாக வாழ்கிறது.

வண்ணக்கர் ஒருவர் காலமானால் அப்பதவி யாரைச் சேரும்? அவருக்கு மூன்று புதல்வர்கள் இருக்கலாம். மூவரும் கற்றவராயும் நல்லவராயும் இருக்கலாம். ஆயினும் மரபின்படி அவர்களுக்கு அப்பதவியில் உரிமை இல்லை. ஏனெனில் அவர்கள் தாயின் குடியினர். பதவியோ தந்தையின் குடிக்கு உரியது. அக்குடியின் இரத்தம் அடுத்த தலைமுறைக்குச் செல்வது வண்ணக்கரின் சகோதரி வயிற்றில். ஆதலால் சகோதரியின் மகனே, அதாவது மருமகனே, பதவிக்கு வருகிறான்.

தந்தையின் பட்டம் மைந்தனுக்கு என்று பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால் பட்டங்கள் பெண்வழியே நடந்து சென்ற கதை உலகின் வேறு பாகங்களிலும் உண்டு. பிரபுத்துவப் பட்டங்களுக்குப் பெயர்போன இங்கிலாந்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம்.

இங்கிலாந்திலே சாலிஸ்பரி ஏர்ல் என்றொரு பட்டம் உண்டு. 1145ஆம் ஆண்டளவில், அரசுரிமைக்காகப் போராடிய மெட்டில்டா என்னும் அரசகுமாரி, தம் பக்கம் நின்ற பற்றிக் என்பவருக்கு அதனை அளித்தார். பற்றிக்கின் மகன் வில்லியம் 1196இல் இறந்தபோது அவருக்கு ஆண்மகவு இல்லை. ஈலா என்னும் சிறுமி ஒருத்தியே இருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயதளவு இருக்கும். பட்டமும் நிலமும் அவளைச் சேர்ந்தன. முதலாம் றிச்சாட் மன்னன் அச்சிறுமியைத் தன் தந்தைக்கு மணவழியன்றிப் பிறந்த சகோதரனான வில்லியம் லோங்கெஸ்பேக்கு மணம் முடித்து வைத்தான். மனைவியின் உரிமையாலே கணவன் சாலிஸ்பரிப் பிரபுவானான்.

இது வரை கேட்டால், பெண் ஒரு பாலமாக மட்டும் இருந்தாள் என்றே தோன்றும். ஆனால் 1226இல் கணவன் இறந்தபின் ஈலா ஒதுங்கிவிடவில்லை. வில்ட்ஷயர் நாட்டின் ஷெரிப் என்னும் அரச அதிகாரப் பதவியைத் தாமே வகித்தார். மூத்த மகன் வளர்ந்து பட்டத்தைக் கேட்டபோதும் தாய் உயிரோடிருக்கும் வரை அது அவனுக்குக் கொடுபடவில்லை. 1232இல் லேக்கொக் என்னுமிடத்தில் கன்னியர் மடம் ஒன்றை நிறுவி, பின்னர் தாமே அதன் தலைவியாகி, 1261இல் உயிர்நீத்தார். மகனோ அவருக்கு முன்னரே, 1250இல், எகிப்திலே சிலுவைப் போரில் மடிந்துவிட்டான்.

அதே பெயர்ப் பட்டம் 1337இல் மொண்டேகு என்னும் குடும்பத்துக்குப் புதிதாக வழங்கப்பட்டது. அந்த வழியிலும் 1428இல் ஆண்வாரிசு அற்றது. ஓர்லியன்ஸ் முற்றுகையிலே தோமஸ் மொண்டேகு காயமுற்று இறந்தார். அவருடைய ஒரே மகள் அலிஸ் வழியாகப் பட்டம் அவள் கணவன் றிச்சாட் நெவிலுக்குச் சென்றது. ஆக, இங்கிலாந்திலே மகன் இல்லாதபோது மட்டும் பட்டம் மகளிடம் இறங்கி, அவள் கையைப் பிடித்தவனிடம் சேர்ந்தது. பெண்வழி அங்கே விலக்கு. மட்டக்களப்பிலே அதுவே விதி.

இங்கே நம் தமிழ்ச் சொல் ஒன்றைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். மருமகன் என்றால் யார்? ஓர் ஆண்மகனுக்குச் சகோதரியின் மகனும் மருமகன். மகளை மணந்தவனும் மருமகன். இரண்டு உறவுக்கு ஒரே சொல் அமைந்தது தற்செயல் அன்று. மாமன் மகளை மணப்பது முறையாக இருந்த சமூகத்திலே இருவரும் ஒருவராகவே இருந்தனர். இதை மனத்திற் கொண்டால் மட்டக்களப்பு வழக்கத்தின் நயம் விளங்கும். ஒருவருடைய பட்டம் சகோதரியின் மகனுக்குப் போகிறது. அந்த மருமகனுக்கே அவர் தம் மகளையும் கொடுக்கிறார். குடிக்கு உரிய பட்டம் குடியிலேயே நிற்கிறது. பெற்ற மகளும் அதன் நிழலிலேயே வாழ்கிறாள். லோங்கெஸ்பேயும் நெவிலும் மகளை மணந்த மருமக்களாக மட்டும் வந்து பட்டம் பெற்றனர். நம் நாட்டு வண்ணக்கரோ, மணத்துக்கு முன்னரே பிறப்பால் மருமகனாகி, அந்தப் பிறப்பாலேயே பட்டம் பெற்றார்.

இனி இந்த மரபு எங்கிருந்து வந்தது என்று நோக்குவோம். மட்டக்களப்பின் பழங்கதைகளைக் கூறும் ஏட்டுச் சுவடிகளைத் தொகுத்து எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்னும் நூலாகப் பதிப்பித்தார். இரண்டாண்டு கழித்து, மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது. இவ்விரு நூல்களும் இல்லையேல் இந்நாட்டு மரபுகள் பல நமக்கு எட்டியிரா.

மான்மியம் கூறும் கதைகளுள் ஒன்று உலகநாச்சியார் என்னும் பெண்ணரசியைப் பற்றியது. கலிங்க நாட்டிலிருந்து புத்தரின் தந்தத்தைக் கூந்தலிலே மறைத்துக் கொண்டுவந்து, இலங்கை மன்னன் மேகவர்ணனிடம் அளித்து, அதற்குப் பரிசாக நிலம் பெற்று, மண்முனையிலே குடியமர்ந்து ஆட்சி செய்தார் என்று அந்நூல் சொல்கிறது. பௌத்த நூல்கள் தந்ததாதுவைக் கொண்டுவந்தவளாக ஹேமமாலை என்னும் அரசகுமாரியைக் கூறும். ஒரு கதை மற்றொன்றின் சாயலைக் கொண்டிருப்பது வெளிப்படை. ஆகவே இதனை நடந்த வரலாறு என்று கொள்ள முடியாது. ஆயினும், தம் நாட்டின் முதல் உரிமை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது என்று ஒரு மக்கட் கூட்டம் நினைவு வைத்திருப்பது கருதத்தக்கது. தாய்வழியில் உரிமை தேடிய மக்கள் தம் நாட்டுக்கும் ஒரு தாயைத் தேடிக் கொண்டனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றி ஆண்டான். குடிகளுக்குரிய ஒழுங்குகளை அவனே வகுத்தான் என்பது மட்டக்களப்பு மரபு. மாகனுக்குப் பின் பொலன்னறுவையின் சிறப்பு மங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் வன்னிமைகள் எனப்பட்ட சிற்றாட்சிகள் நிலவின. அவற்றின் தலைவர் வன்னியனார் எனப்பட்டனர். மட்டக்களப்பில் இத்தலைமை பெரும்பாலும் முக்குவர் கையில் இருந்தது. நிலமும் ஆளடிமையும் உடைய பெரியார் போடியார் என்னும் பட்டம் பெற்றனர். இன்றும் படுவான்கரையிலே பெயரின் ஈற்றில் ‘போடி’ என வருவது அந்நாட்களின் எச்சம். மண்முனைப் பற்று, போரதீவுப் பற்று, சம்மாந்துறைப் பற்று, அக்கரைப்பற்று என்று வழங்கும் நாட்டுப் பிரிவுகளின் பெயர்களும் பழைய ஆட்சியை நினைவூட்டுகின்றன.

பட்டத்தைப் போலவே நிலத்துக்கும் அந்நாளில் ஒரு விதி இருந்தது. முக்குவர் வழக்கத்திலே சொத்து இருவகை. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். தானே உழைத்து ஈட்டியது தேட்டம். தேட்டத்தை ஒருவன் தன் மனைவி மக்களுக்குக் கொடுக்கலாம். முதுசத்தை அவ்வாறு கொடுக்க இயலாது. அது குடியின் பொருள். அவன் அதனைக் காப்பவன் மட்டுமே. அவனுக்குப் பின் அது சகோதரியின் மக்களையே சேர வேண்டும்.

இம்முறை நம் இனத்தவர்க்குப் புதியதன்று. மலையாள நாட்டில் மருமக்கத்தாயம் என்று இது வழங்கியது. திருவிதாங்கூர் அரச குடும்பத்திலே முடியே இவ்வழியிற் சென்றது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் மருமக்கள் வழி நிலவியது. அதன் தீமையைக் காட்டவே கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ பாடினார். ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, கணவன் இறந்தபின் சொத்தெல்லாம் மருமகன் பக்கம் போகத் தானும் மக்களும் தெருவில் நின்ற நிலையைச் சொல்லி அழும் நூல் அது. ஒரு மான்மியம் தாய்வழி மரபைப் பெருமையோடு பதிந்து வைக்கிறது. மற்றொரு மான்மியம் அதனை எள்ளி நகையாடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே முழு உண்மை கிடைக்கும். சகோதரியைக் காக்கும் சட்டம் மனைவியைக் கைவிட்டுவிடலாம்.

மட்டக்களப்பிலே இவ்வழக்கம் எவ்வாறு குலைந்தது? அந்நியர் ஆட்சி அதனை ஒரே நாளில் அழித்துவிடவில்லை. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்க்கன் 1602இல் மட்டக்களப்புக் கரையில் இறங்கியபோது உள்ளூர்ச் சிற்றரசன் ஒருவனைக் கண்டார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையில் கொடிகள் மாறின. வயல்வெளியில் போடிமாரின் அதிகாரம் பெரிதும் மாறவில்லை. 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பில் ஒல்லாந்தரின் தலைமை அதிகாரியாக இருந்த பேர்னாண்ட் என்பவர், பதவியை விட்டு நீங்கும்போது எழுதிய குறிப்பிலே முக்குவத் தலைவர்களைப் பற்றி விரிவாகக் கூறியுள்ளார். வந்தவர்கள் நெல்லும் வரியும் பெற அத்தலைவர்களின் துணை வேண்டியிருந்தது.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்களும் வன்னியனார் என்ற பெயரை ஒழிக்கவில்லை. ஆனால் அப்பெயரின் உள்ளிருந்த பொருள் மாறிற்று. முன்பு குடி தந்த பதவி, இப்போது அரசாங்கம் தரும் உத்தியோகமாயிற்று. அரசாங்கம் வேண்டுமென்றால் நியமிக்கும்; வேண்டாமென்றால் நீக்கும். மாமனுக்குப் பின் மருமகன் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பிறகு 1946ஆம் ஆண்டளவில், பழைய பெருந்தலைமைக்காரர் முறை இலங்கை எங்கும் நீக்கப்பட்டுக் காரியாதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். 1963இல் ஊர் விதானைமாரின் இடத்துக்குக் கிராம சேவையாளர் வந்தனர். இவ்வாறு வன்னியனார் என்னும் பட்டம் எவருடனும் போரிடாமல், அலுவலக ஆணை ஒன்றினால் மறைந்தது.

நிலத்தின் கதை இதிலும் வியப்பானது. ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் திரட்டி எழுத்தில் வைத்தனர். அதனால் அது சட்டமாக நின்றது, இன்றும் நிற்கிறது. மட்டக்களப்பு வழக்கத்துக்கு அத்தகைய அரச ஏடு கிடைக்கவில்லை. கிறிஸ்தோப்பர் பிறிற்றோ என்னும் சட்டவறிஞர் முயன்று முக்குவர் சட்டத்தைத் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1876. அதே 1876ஆம் ஆண்டிலே 15ஆம் இலக்கத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் பிறந்தது. கண்டிச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் தேசவழமைக்கும் உட்பட்டவர்களை அது விலக்கியது. மட்டக்களப்புத் தமிழர் அவ்விலக்குகளுள் அடங்கவில்லை. ஆதலால் இறந்தவரின் சொத்து வாழ்க்கைத் துணைக்கும் மக்களுக்குமே சேரும் என்ற விதி, 1877 முதல் அவர்களையும் ஆண்டது. ஒரு சட்டத்தை எழுதி முடித்த ஆண்டே அதன் ஆயுளும் முடிந்தது. சகோதரியின் மகன் நீதிமன்றத்துக்குச் சென்று முதுசத்தைக் கேட்க இனி வழியில்லை.

நேயர்களே, தாய்வழி அத்துடன் முடிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணலாம். அதுதான் இல்லை. மட்டக்களப்பு மக்கள் சட்டத்தை எதிர்க்கவில்லை. வேறொரு வாயிலைத் திறந்தனர். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வயலையும் மகளுக்குச் சீதனமாக எழுதி வைத்தனர். மகளுக்கு மணம் பேசும்போதே வீட்டுப் பேச்சும் எழும். மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளையவளோடு வேறு வீட்டுக்குப் போவர். அக்காள், தங்கை, தாய், சிறிய தாய் என்று பெண்கள் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் ஊர்களை அங்கே இன்றும் காணலாம். முன்பு பெண் வழியாக ஆணிடம் சென்ற சொத்து, பின்னர் தாயிடமிருந்து மகளுக்கே நேராகச் சென்றது. முதுசத்தை அழித்த சட்டம், பெண்ணின் கையிலே உறுதியைக் கொடுத்துவிட்டது! சட்டம் இயற்றியவர்கள் இதனைக் கனவிலும் கருதியிரார்.

தமிழரோடு தோளுரசி வாழும் முஸ்லிம் ஊர்களிலும் இதே குடி முறை உண்டு. அங்கும் குடி தாய்வழியே வருகிறது. வீடு மகளுக்கே போகிறது. கோயிலிலே வண்ணக்கர் போலப் பள்ளிவாசலிலே மரைக்கார் என்னும் பதவி குடிவழியில் அமைந்தது. அக்கரைப்பற்றிலே 1969 முதல் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்றே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர், 2008இல் வெளியிட்ட தம் பெருநூலில் இவ்வொற்றுமையை நுணுக்கமாகக் காட்டியுள்ளார். சமயம் வேறாயினும் தாய்வீட்டு முறை ஒன்றே. பிற்காலத்தில் இரு சமூகத்தாரையும் பிரித்த கொடுமைகளை நினைக்கும்போது, இந்த ஒற்றுமை நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

ஆக, வன்னிமை போயிற்று, முதுசம் போயிற்று, வண்ணக்கர் மட்டும் எப்படி நிலைத்தார்? மீண்டும் மண்டூர்க் கோயில் வீதிக்கு வருவோம். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் இன்னாருக்கு உரியது என்று பங்கு உண்டு. உரியவர் கூடி அந்நாட் செலவைத் தாங்குவர். இப்பகுதிப் பெருங்கோயில்களிலே, யார் முன், யார் பின் என்பதைக் கூறும் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டு என்றவுடன் கல்லில் வெட்டிய எழுத்தென்று எண்ணவேண்டா. மட்டக்களப்பிலே ஏட்டில் எழுதி, சபையிலே பாடப்படுவதையும் கல்வெட்டு என்பர். பங்கு கூறும்போது குடியின் பெயர் சொல்லி அழைப்பர். உரியவர் முன்வந்து பெற்றுக்கொள்வர். ஊர் முழுவதும் பார்த்து நிற்கும்.

இதுதான் காரணம் என்று கருதுகிறேன். வன்னியனாரின் அதிகாரத்துக்குச் சான்று அரசனின் ஆணை. ஆணையிட்ட அரசு மாறியபோது அதிகாரமும் போயிற்று. முதுசத்துக்குச் சான்று வழக்கம். நீதிமன்றம் அவ்வழக்கத்தை ஏற்காதபோது முதுசமும் போயிற்று. வண்ணக்கர் பதவிக்குச் சான்று ஊரின் கண். அது ஆண்டுதோறும் கொடியேற்றத்தில் புதுப்பிக்கப்படுகிறது. கடமை செய்யாதவர்க்குப் பட்டம் மட்டும் நிற்காது, ஊர் முணுமுணுக்கும்.

இங்கிலாந்தின் கதையும் இதனையே கூறும். நெவில் வழிவந்த மார்கரெட் போல் என்னும் சாலிஸ்பரிச் சீமாட்டி, எட்டாம் ஹென்றியின் சினத்துக்கு ஆளாகி 1541இல் முதுமையிலே தலையிழந்தார். அரசன் தந்த பட்டத்தை அரசனே பறித்தான். 1605இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் றொபேட் செசில் என்பவருக்கு அதே பெயரை வழங்கினான். ஈலாவின் வழி வேறு, செசிலின் வழி வேறு. பெயர் ஒன்றாக இருந்தும் வாரிசுத் தொடர்ச்சி இல்லை. 1999இல் ஒரு சட்டத்தினால் பரம்பரைப் பிரபுக்களுட் பெரும்பாலோர் பிரபுக்கள் சபையிலிருந்தும் நீங்கினர். அரண்மனை தந்தது அரண்மனையோடும் பாராளுமன்றத்தோடும் மாறும்.

ஆயினும் நம் மரபைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது நேர்மையாகாது. குடி முறை எல்லாருக்கும் ஒரேயளவு சிறப்பைக் கொடுக்கவில்லை. முன்னிற்பவர் யார் என்று கூறிய அதே கல்வெட்டு, பின்னிற்பவர் யார் என்றும் கூறிற்று. பறையடித்தவரும் துணி வெளுத்தவரும் ஊழியக் குடிகள் என்று வகுக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கோயிற் பணி செய்தனர். பட்டம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பெண்ணுக்கும் முழு நீதி கிடைக்கவில்லை. பதவி அவள் வயிற்றின் வழியே வந்தது. ஆனால் வண்ணக்கராகச் சபையில் அமர்ந்தவன் அவள் அண்ணன் அல்லது மகன். ஈலா ஷெரிப்பாக இருந்ததுபோல் அவள் அதிகாரம் செலுத்தவில்லை.

வழக்குகளும் குறைவல்ல. மாமனுக்குச் சகோதரிகள் பலர் இருந்தால் மூத்த சகோதரியின் மகனுக்கா, மருமக்களுள் வயதில் மூத்தவனுக்கா பட்டம்? பெண்பிறப்பு அற்றுப்போன கிளையின் உரிமை யாருக்கு? இக்கேள்விகள் கோயில் மண்டபத்தில் தொடங்கி நீதிமன்றத்தில் முடிவதும் உண்டு. 1980களில் மண்டூரிலே தங்கி இக்கோயிலை ஆராய்ந்த மார்க் விட்டேக்கர், 1999இல் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கோயிலின் பழங்கதையைச் சொல்வதே அங்கே உரிமையை நாட்டும் செயல் என்பதை அவர் கண்டார். அது உண்மை. வரலாறு மண்டூரிலே பொழுதுபோக்கன்று. அது ஒருவருடைய முதல் வெற்றிலையும் முதல் விபூதியும் ஆகும்.

இனி என்ன நேரும்? இளைஞர் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போகின்றனர். வேற்றூரில் மணம் முடித்தவரின் பிள்ளைகளுக்குக் குடிப்பெயர் தெரியாமற் போகலாம். மருமகன் தொலைதேசத்தில் இருக்க, அவனுக்குரிய நாள் திருவிழாவை இங்கிருப்பவர் நடத்தவேண்டி நேரலாம். மரபைக் காப்பது என்றால், அதன் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக் காப்பதென்று பொருளில்லை. அதன் உள்ளிருக்கும் நல்ல கருத்தைத் தெரிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் பெற்ற பட்டம் அவனுடைய சொத்தன்று. அவன் அதைத் தன் பிள்ளைக்கென ஒளித்துவைக்க முடியாது. கையிலிருக்கும் வரை காத்து, உரியவரிடம் ஒப்புவித்துவிட்டுப் போகவேண்டும். மகனை விட்டு மருமகனிடம் பட்டம் சென்ற வழக்கம் தலைமுறைதோறும் கற்பித்த பாடம் இதுவே.

திருவிழா முடிந்து பாதையிலே திரும்பியபின், வீடு சென்று என் தாயாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல் ஒரு குடியின் பெயரைச் சொன்னார். தம் தாயார் சொன்னதென்றார். அவருக்கு அவர் தாயார் சொன்னதாம். எந்த ஏட்டிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. நான் கேட்டிராவிட்டால் அது என்னோடு நின்றிருக்கும். நேயர்களே, உங்கள் அன்னையர் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.